இருக்கிற இடம் தெரியாமல்

“நீ எப்ப வந்தே?” என்று அம்மா வேலை பார்த்த வீட்டுக்காரம்மா கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. காலையிலிருந்து சமையலறை வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தம்மா அவளைத் தாண்டி எத்தனையோ தடவை போய் வந்தாயிற்று, கண்ணில் படவில்லை. அன்று வேலை முடிந்து திரும்பும் வழியெல்லாம் அம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. “பாத்தியா, நீ இருந்ததே அவங்களுக்குத் தெரியல. என் தங்கம்.” பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய நாளில்கூட அம்மா அப்படிச் சிரித்ததில்லை.

அம்மா வீடுகளையும் அலுவலகங்களையும் துப்புரவு செய்கிறவள். ஏஜென்சி சூப்பர்வைசர் அவளை ‘நிழல்’ என்றுதான் கூப்பிடுவார். “நிழலை அனுப்புறேன் சார், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது” என்று போனில் பெருமையடித்துக்கொள்வார். வெறும் பேச்சில்லை அது. அம்மா தலையில் துணி கட்டாமல் வேலையில் இறங்கமாட்டாள். தண்ணீர் குடிக்கத் தன் டம்ளரைப் பையில் கொண்டுபோவாள். எந்த வீட்டு நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. மகள் நடக்கப் பழகியதிலிருந்து ஒரே பாடம்தான். நாம இருந்த இடம் தெரியக் கூடாது. சாப்பிட்ட தட்டை உடனே கழுவு. பெரியவர்கள் பேசும்போது வாய் திறக்காதே. எழுந்தால் நாற்காலியை உள்ளே தள்ளு.

அந்தப் பாடத்தால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனை லேப் வேலைக்கான இலவசப் பயிற்சியில் அவளுக்கு இடம் கிடைத்தபோது, அவள் கை மாதிரி யாருக்கும் வரவில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடின் மேல் வைத்து, இன்னொரு ஸ்லைடின் ஓரத்தால் ஒரே இழுப்பில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். மற்றவர்களுக்குத் திட்டுத் திட்டாய் நிற்கும். அவளுக்கோ மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்த மாதிரி அமையும். சின்ன வயதிலிருந்தே அம்மாவோடு ஜன்னல் துடைத்த கை.

கடைசிச் செய்முறைத் தேர்வில் தேறினால் லேபில் வேலை. தவறினால் மறுபடி எழுத வயது வரம்பு தாண்டிவிடும். அவள் அளவுக்குத் துப்புரவு ஆட்கள் போடும் நீலக் கோட்டு ஒன்றைச் சூப்பர்வைசரிடம் வாங்கிவந்து வீட்டு ஆணியில் மாட்டியிருந்தாள் அம்மா. “சும்மா இருக்கட்டும். எதுக்கும் ஒரு கை பிடிமானம்” என்றாள். அந்தக் கோட்டு தொங்கிய பக்கம் மகள் தலைவைத்துப் படுக்கவில்லை.

தேர்வுக்கு வந்தவர் பயிற்சி மையத்துக்கே தலைவர். எல்லோருக்கும் அவர் பெரிய மேடம். “முடிச்சதும் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்லயே விட்டுட்டு வெளிய நில்லுங்க. நான் ஒவ்வொண்ணா வந்து பாத்து மார்க் போடுவேன்” என்றார். அவள் காதில் தெளிவாகத்தான் விழுந்தது.

ரத்தத்தைப் பரப்பினாள், சாயம் ஏற்றினாள், பார்த்தாள். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அழகாய்ப் பிரிந்து கிடந்தன. மணி அடித்தது. மேஜையைப் பார்த்தாள். ஊதாச் சாயம் இரண்டு இடத்தில் சொட்டியிருந்தது. ரத்தம் பட்ட பஞ்சு ஓரமாய்க் கிடந்தது. பெரியவர் ஒருவர் வந்து பார்க்கப்போகிற மேஜை. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை, கைதான் வேலை செய்தது. மறுபடி நினைப்பு வந்தபோது வராந்தாவில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். உள்ளே மேஜை பளபளத்தது. மைக்ரோஸ்கோப் உறைக்குள் இருந்தது. ஸ்டூல் உள்ளே தள்ளியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய ஸ்லைடு, புது ஸ்லைடுகளோடு பெட்டிக்குள் கலந்து கிடந்தது.

“இந்த மேஜைக்கு ஆள் வரலையா?” என்று பெரிய மேடம் கேட்டார்.

பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்தான். “இங்க ஆளா இருந்துச்சு மேடம்? நான் மைக்ரோஸ்கோப்பை மூடுற உறைன்னுல்ல நெனச்சேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ‘நான்தான்’ என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பெரியவர் எதிரே நிற்பது நினைவுக்கு வர, மூடிக்கொண்டாள். வரவில்லை என்று குறித்துக்கொண்டு மேடம் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மாவின் வாயிலிருந்து முதலில் வந்தது, “கறை போச்சா?” என்ற கேள்விதான். பிறகுதான் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் இருவரும் விளக்குப் போடவில்லை.

மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போகாமல் அவளை இழுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தாள். மேடம் நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை, மகளும் உட்காரவில்லை.

“தப்பு எங்க மேலதான் மேடம். மன்னிச்சிருங்க. தெரியாம கழுவிட்டா.”

“மன்னிக்க என்னம்மா இருக்கு? ஸ்லைடு இல்லாம எதைப் பாத்து மார்க் போடுவேன்?” அவர் மகள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. எதுக்குக் கழுவினே?”

அவள் நிமிர்ந்தாள். அதற்குள் அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. சின்ன வயதிலிருந்து பழகிய அழுத்தம். பேசாதே என்று அர்த்தம்.

“பெரியவங்க முன்னாடி பேசமாட்டா மேடம். அப்படி வளத்திருக்கேன். எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“நான் அவளைக் கேட்டேன்.”

மேடம் பேனாவின் மூடியைத் திறந்தார். “இன்னிக்கு மத்தியானம் ரிசல்ட் மேல போகுது. லேப்ல டாக்டர் அவசரத்துல தப்பான பாட்டிலை எடுத்தா, ‘இது இல்ல டாக்டர்’னு கத்தணும். கத்தலன்னா ஒரு உயிர் போகும். வாயில்லாத பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

பேனா தாளைத் தொடப்போனது.

“கையை எடும்மா” என்றாள் மகள்.

அம்மா எடுக்கவில்லை. அவளே விரல்களைப் பிரித்து விலக்கினாள்.

“எங்கம்மாதான் மேடம் காரணம். கல்யாணமான புதுசுல ஒரு வீட்டுத் தலையணையில இவங்க முடி ஒண்ணு கெடந்துச்சாம். எங்க கட்டில்ல படுத்தியான்னு அந்த வீட்டுக்காரர் கேட்டார். அந்த வீட்டுக்காரம்மா நடுத்தெருவுல வெச்சு செருப்பால அடிச்சாங்க. உறை மாத்தறப்ப விழுந்த முடி மேடம் அது. யாரும் கேக்கல. அந்தப் பயத்தைத்தான் சோத்தோட சேத்து எனக்கு ஊட்டினாங்க. நான் எங்கயும் இருக்கவே கூடாதுன்னு வளத்தாங்க. ஸ்லைடு நல்லாத்தான் வந்துச்சு. எனக்கு வேலை தெரியும். இவங்க மாதிரி ஆகிடக் கூடாதுன்னுதான் நான் இங்க வந்தேன்.”

அவள் குரல் அவளுக்கே அன்னியமாய் இருந்தது. அந்த முடியின் கதையை ஒரு காய்ச்சல் நாளில் அம்மா அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வேறு யாருக்கும் தெரியாது.

மேடம் பேனாவை மூடினார். “வா. என் கண்ணு முன்னாடி பண்ணு. நல்லா வந்தா எழுதி அனுப்புறேன். மேல ஒத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது.”

லேப் அடுத்த அறைதான். அவள் தன் விரலையே குத்திக்கொண்டாள். முதல் ஸ்லைடு பாழாயிற்று. இரண்டாவதும் திட்டாய் நின்றது. மூன்றாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாய் இழுத்தாள். மெல்லிசாய்ப் படிந்தது. சாயத்தை ஊற்றிவிட்டுத்தான் வாசல் பக்கம் பார்த்தாள்.

அம்மா நின்றிருந்தாள். அழவில்லை. நடுத்தெருவில் நிற்கிறவள் மாதிரி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான் அப்படி நெனச்சு சொல்லல.”

“சாயத்தைக் கவனி. கூட நேரம் நின்னா கறுத்துப்போயிடும்” என்றார் மேடம்.

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். எடுத்த காலைத் திரும்ப வைத்துவிட்டு, சாயத்தை அலசக் குழாயைத் திறந்தாள். அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.