ஹெர்மெலிந்தாவின் இரைப்பு

சனிக்கிழமைச் சந்தையில் கூட்டம் நன்றாகக் கூடியிருந்த நேரம் பார்த்து ஹெர்மெலிந்தாவுக்கு மூக்கில் நுரை வந்தது.

என் கழுத்தில் மாலையாகக் கிடந்தவள் தலையை மெல்ல உயர்த்தி, வாயைப் பிளந்து, வானத்தைப் பார்த்தாள். மூச்சுக்குத் தவிக்கும் பாம்பு அப்படித்தான் பார்க்கும். அது எனக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. நான் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் உடம்புக்குள் கஞ்சி கொதிப்பது போன்ற சத்தமும், நடுநடுவே வரும் சீட்டியும் முதல் வரிசைக்குக் கேட்டுவிடும்.

"சளியா? இருமலா? இரைப்பா? முட்டி வலியா? மாமியார் தொல்லையா? மாமியாருக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல. மத்த எல்லாத்துக்கும் இந்த டப்பாவுல இருக்கு! சுத்தமான பாம்புக் கொழுப்புத் தைலம்!"

அந்த டப்பாவில் பாம்புக் கொழுப்பு மருந்துக்குக்கூடக் கிடையாது. பன்றிக் கொழுப்பு, மெழுகு, கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மிட்டாய்க்குப் போடும் பச்சைச் சாயம். என் மனைவி நொரால்பா வீட்டில் பெரிய சட்டி வைத்துக் காய்ச்சுவாள். அதைத்தான் முப்பது வருடமாக விற்கிறேன். இந்த மனிசாலெஸ் மலையில் என் தைலம் படாத நெஞ்சு குறைவு.

உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சுமைகாரன் ஒருவன் கத்தினான்.

"யோவ் பாம்பாட்டி! முதல்ல உன் பாம்புக்குத் தடவுய்யா! அதுக்கே சளி ஒழுகுது!"

"சளி இல்லடா தம்பி, உன் மூஞ்சியப் பாத்து அவளுக்குக் குமட்டுது!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். 

கைக்குழந்தையைச் சால்வைக்குள் வைத்திருந்த ஒரு சின்னப் பெண் முன்னால் வந்தாள். காப்பிப் பழம் பறித்துக் கறுத்த விரல்கள். "பையனுக்கு மூணு மாசம்ணே. இரைக்குது. இவனுக்குத் தடவலாமா?"

"தாராளமாத் தடவு தாயி. நெஞ்சுல, முதுகுல, மூக்குக்குக் கீழ ஒரு பொட்டு."

டப்பாவைக் கொடுத்தேன். குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. என் கவனமெல்லாம் கழுத்தில் கொதித்துக்கொண்டிருந்தவள் மேல்.

ஹெர்மெலிந்தா என்னிடம் வந்து ஒன்பது வருடமாகிறது. மலைக்குக் கீழே லா தொராதா ஊர் வெயிலில் பிறந்தவளை இந்தக் குளிருக்குத் தூக்கி வந்தவன் நான். காட்டுப் பாம்பை வீட்டில் வைத்திருப்பது இங்கே குற்றம். பெரிய மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அவளை வாங்கிக்கொண்டு என்னை வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்கள். அதனால் சந்தை ஓரத் தீவனக் கடையில் கோழிக்கும் பன்றிக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் யாமிலேதான் எங்களுக்குக் கதி.

போன மழைக்காலத்தில் முதல் தடவை இந்த இரைப்பு வந்தது. ஊசி போட்டார், பத்து நாளில் சரியானது. இரண்டே மாதத்தில் மறுபடி. அப்புறம் மறுபடி. இது நாலாவது. ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. எலியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தொழில் போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றுக்கு வேறு வழி தேடிக்கொள்ளலாம். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்ததும், அடுப்புப் பக்கத்துப் பெட்டியில் அவளைக் கிடத்தி, ஒரு டப்பாவைத் திறந்து, கழுத்திலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்கு மெதுவாகத் தடவினேன். மூக்குப் பக்கத்திலும் கொஞ்சம். நொரால்பா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யோவ், அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"முப்பது வருஷமா ஜனங்க திரும்பத் திரும்ப வந்து வாங்குறாங்களே நொரால்பா. நல்லாருக்குன்னு சொல்றாங்களே. இத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க?"

"அத்தனை பேருக்கும் பொய் சொன்னது நீதானய்யா!"

 போக்கற்றுப் போனால் மனிதன் எதையும் பிடித்துக்கொள்கிறான். நான் என் சொந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை குணமான மறுநாளிலிருந்தே, இனி வரக்கூடாது என்று, ஊசி நாட்கள் போக தினமும் தடவி வந்தேன். நொரால்பாவுக்கும் அது தெரியும்.

புதன்கிழமை காலையில் ஹெர்மெலிந்தா தலையைக் கீழே வைக்கவே இல்லை. பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் யாமிலே சின்னக் குச்சியால் அவள் வாயைத் திறந்தார். உள்ளே கெட்டியாக, நூல் நூலாகச் சளி.

"அர்னுல்ஃபோ ஐயா, நான் ஊசி போட்டா நல்லாகுது. அப்புறம் வீட்டுல என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலயே டாக்டரம்மா."

"ஊசி போடுற பத்து நாளும் என்ன பண்றீங்க?"

"தொட வேண்டாம்னு நீங்க சொன்னீங்க. விரல்கூடப் படாது."

"பதினோராம் நாள்?"

 அவர் குனிந்து ஹெர்மெலிந்தாவின் கழுத்தை முகர்ந்தார். பிறகு என் கையைப் பிடித்து அதையும் முகர்ந்தார். முகம் மாறியது.

"கற்பூரம். இதையா அதுமேல தடவுறீங்க?"

"திரும்ப வரக்கூடாதுன்னுதான்..."

"பாம்புக்கு இருமித் துப்பத் தெரியாதுங்க. உள்ள போனது உள்ளதான் கிடக்கும். இந்தக் காரம் தினமும் உள்ள போனா புண்ணாகும். புண்ணுல கிருமி உக்காரும். நான் கிருமியக் கொல்றேன், நீங்க மறுபடி புண்ணாக்குறீங்க. ஒரு வருஷமா ரெண்டு பேரும் இதைத்தான் பண்ணிட்டிருக்கோம்."

"பொழைச்சுக்குவாளா?"

"இந்தத் தடவை ரொம்ப உள்ள போயிருச்சு. சொல்ல முடியாது." ஊசியைப் போட்டார். "வெதுவெதுப்பான தண்ணில கழுவுங்க. சூடா வச்சிருங்க. அந்தச் சட்டி இனிமே உங்க வீட்டு அடுப்புல ஏறக் கூடாது." சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே, "கைக்குழந்தைக்கும் இது ஆகாது. மூச்சையே அடைச்சுரும். தெரிஞ்சுதான விக்கிறீங்க?" என்றார்.

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முப்பது வருடத்தில் தெரிந்துகொள்ள ஒரு நாளும் முயன்றதில்லை என்பதுதான் நிஜம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் இறங்கினேன். தூறல் போட்டது. "அண்ணே! அண்ணே!" என்று ஒரு குரல். அதே பெண், அதே சால்வை.

"உங்களத்தான் தேடினேன். இன்னும் இரைக்குது. டப்பா தீரப்போகுது. இன்னொண்ணு குடுங்க."

"தடவாதே. துடைச்சிரு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ."

"சனிக்கிழமை தாராளமாத் தடவுன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன, விலை ஏத்தப் போறீங்களா?"

மூட்டை மேல் இருந்த அதே சுமைகாரன் கைதட்டினான். "புது வித்தைடா! மருந்து இல்லேன்னு சொல்லி விக்கிறான்!" நாலு பேர் சிரித்தார்கள். நான் அது பொய், அது பன்றிக் கொழுப்பு, டாக்டரம்மாவைக் கேளுங்கள் என்று கத்தினேன். கத்தக் கத்த ஆள் கூடியது. ஒருவன் சட்டைப் பையில் காசைத் தேட ஆரம்பித்தான். இத்தனை வருடம் வாயை வைத்துப் பிழைத்தவன் நான். நிஜத்தைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அந்த வாய்க்கு மரியாதை இல்லை.

அவள் திரும்பி நடக்கப் போனாள். நான் தரையில் மண்டியிட்டுப் பெட்டியை அவள் காலடியில் வைத்தேன்.

"என்னை நம்ப வேண்டாம் தாயி. இதுல காதை வச்சுக் கேளு. இவளுக்கும் அதைத்தான் தடவினேன்."

குழந்தை சரியாமல் சால்வையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு குனிந்து, காற்றுத் துளையில் காதை வைத்தாள். சிரித்தவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். உள்ளே கொதிப்பு. ஒரு சீட்டி. மறுபடி கொதிப்பு.

அவள் நிமிரவில்லை. அப்படியே சால்வையை விலக்கிக் குழந்தையின் முதுகில் காதை வைத்தாள். எனக்கும் கேட்டது. இரண்டும் ஒரே சத்தம்.

"எத்தனை தடவை தடவின?"

"மூணு வேளையும்," என்றாள். என்னைத் திட்டவில்லை. காறித் துப்பியிருந்தாலாவது நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். டப்பாவை என் முன்னால் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி மேட்டைப் பார்த்து ஓடினாள்.

தூறல் வலுத்தது. பெட்டி நனையாமல் போர்த்த என் கம்பளியைக் கழற்றினேன். அதில் கற்பூரம் மணந்தது. சட்டையை முகர்ந்தேன், அதுவும் அப்படியே. கையும் அப்படித்தான். அவளைப் போர்த்த என்னிடம் ஒன்றுமே இல்லை. கம்பளியைச் சந்தையிலேயே எறிந்துவிட்டு, காய்கறிக்காரியிடம் காலி சாக்கு ஒன்று வாங்கிப் பெட்டியை மூடிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் தெரு முனையிலேயே சட்டியின் வாசனை எதிரே வந்தது. சனிக்கிழமை விற்பனைக்கு நொரால்பா புதன்கிழமைதான் காய்ச்சுவாள். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை.

"நொரால்பா! சட்டியைக் கவுத்துரு! எல்லா ஜன்னலையும் திற!"

அவள் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். வெறும் சட்டையோடு மழையில் நிற்கும் என்னையும் சாக்கு மூடிய பெட்டியையும் பார்த்தாள்.  உள்ளே போய்ச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து சாக்கடையில் கவிழ்த்தாள். பச்சை நிறம் மழைத் தண்ணீரோடு தெருவில் இறங்கிப் போனது.

வாசனை அடங்கும் வரை எதிர்வீட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பெட்டியில் காதை வைத்திருந்தேன். ஒரு வருடமாக அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. இப்போது ஒவ்வொரு சீட்டிக்கும் அடுத்த சீட்டிக்கும் நடுவே, நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.