சனிக்கிழமை எடை

தேயிலைத் தோட்டத்தில் எடை கூடினால் அது நல்ல சேதி. கொழுந்து எடை கூடினால் கங்காணியின் வாய் அடங்கும். கட்டிக்கொடுத்த பெண் சதை போட்டு வந்தால் மாமியார் தங்கமானவள் என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் பேசும். எடை கூடினால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு வியாதி இருப்பதை, பெல்மதுளைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் சுந்தரலிங்கத்துக்கு வரும்வரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவர் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் காலமெல்லாம் உழைத்தவர். பிரஷர் இருக்கிறது என்று டிஸ்பென்சரியில் சொன்னபோது, பிரஷர் துரைமாருக்கு வருவது, நமக்கெதுக்கு என்று சிரித்துவிட்டு வந்தார். பிரஷர் ஆள் பார்த்தா வருகிறது? வருஷக்கணக்கில் அது உள்ளேயிருந்து தின்று, கடைசியில் இதயம் தளர்ந்துபோயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. தங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். மனைவி இந்திராணி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே விடியவைத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் டவுன் ஆசுபத்திரியின் பெரிய டொக்டர், தளர்ந்த இதயத்துக்கான ஒரு புதுக் குளிசையை ஆராய்ச்சி செய்வதாக ஸுமைரா மிஸ் வந்து சொன்னாள். பெல்மதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் நிலாம் முதலாளியின் மகள். மூன்று பாஷையும் பேசுவாள் என்பதால் ஆராய்ச்சியில் தமிழ் ஆட்களைக் கவனிக்கும் வேலை அவளுக்கு. பழைய மருந்தெல்லாம் வழக்கம்போல் உண்டு, அதோடு இது. இது நல்லதா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. சிலருக்கு மருந்தில்லாத வெறுங்குளிசைகூட வரலாம், யாருக்கு எது என்று டொக்டருக்கே தெரியாது. இப்படி எதையும் மறைக்காமல் பொறுமையாகத்தான் விளக்கினாள். இந்திராணியின் காதில் விழுந்தது 'புது மருந்து' என்ற இரண்டு வார்த்தை மட்டும். மூழ்குகிறவன் கயிற்றின் தரம் பார்ப்பானா?

ஒரு மாதத்தில் சுந்தரலிங்கம் கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார். கல்யாணமான நாள் முதல் அவள் திட்டித் தீர்த்த அதே குறட்டை. அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவளுக்குக் கண்ணீர் வந்தது. வேலை செய்தது புதுக் குளிசையா, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்கக் கூடவே கொடுத்த தண்ணீர்க் குளிசையா என்று யாரும் சொல்ல முடியாது. இந்திராணிக்கு அதில் சந்தேகமே இல்லை. புதுக் குளிசைப் போத்தலைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வீட்டுக்கு ஒரு எடை மெஷினும் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் ஏறி நிற்க வேண்டும், சனிக்கிழமை சாயந்திரம் மிஸ் போன் எடுக்கும்போது எடையைச் சொல்ல வேண்டும். கூடினால் அது சதையல்ல, உடம்பில் தேங்குகிற தண்ணீர், உடனே சொல்லுங்கள் என்று மிஸ் ஒவ்வொரு முறையும் சொன்னாள். சுந்தரலிங்கத்துக்குக் கண்ணில் பூ விழுந்திருந்ததால் காலடியில் தெரியும் நம்பரை இந்திராணிதான் குனிந்து பார்த்துச் சொல்வாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, கீழ் லயத்துச் சின்னத்தம்பி சாகும்வரை. அவரும் இதே ஆராய்ச்சியில் இருந்தவர். அவருக்கு எடை கூடியது. கூடியதை மறைக்காமல் சொன்னார்கள். வேன் வந்தது, புதுக் குளிசைப் போத்தலைத் திருப்பி வாங்கினார்கள், ஆளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த கிழமை பெட்டியில் வந்தார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். அதை யோசிக்க யாருக்குப் பொறுமை? குளிசை இருந்தது, மனுஷன் இருந்தான். குளிசையைப் பிடுங்கினார்கள், மனுஷன் போனான் என்று லயம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்திராணியும் அதை நம்பினாள்.

மாரியம்மன் திருவிழா முடிந்த வாரத்துச் சனிக்கிழமை காலையில் சுந்தரலிங்கத்தின் எடை ஒரு கிலோ கூடியது. இந்திராணி குனிந்து இரண்டு தரம் பார்த்தாள். எவ்வளவு என்று அவர் கேட்டார். பழைய எடையையே சொன்னாள். சாயந்திரம் மிஸ்ஸிடமும் அதையே சொன்னாள். அதோடு, எழும்பும்போது அவருக்குத் தலை சுற்றுகிறது என்றும் சொன்னாள். அது உண்மை. ஒரு பொய், ஒரு உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த டொக்டர், எடை கூடவில்லை, தலையும் சுற்றுகிறதென்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்து, தண்ணீர்க் குளிசையைப் பாதியாக்கச் சொன்னார். வேறு எந்த டொக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். புதுக் குளிசை தப்பியது என்ற நிம்மதியில் இந்திராணி பாக்குவெட்டியை எடுத்துத் தண்ணீர்க் குளிசைகளைக் கவனமாக இரண்டாக வெட்டி வைத்தாள்.

பிறகு எடை ஏறத் தொடங்கியது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இவளுக்கு ஒன்பது தேவைப்படவில்லை, ஒரே பொய்யைச் சனிக்கு சனி சொன்னால் போதுமாக இருந்தது. இனி உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் மறைத்ததும் தெரிந்துவிடும், போத்தலும் போய்விடும். கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஊர்க்காரர்கள் வேறு. பக்கத்துக் காம்பரா புஷ்பம் வந்து, அண்ணனுக்குக் கன்னம் வைத்திருக்கிறது, புது மருந்து பிடித்துவிட்டது, எனக்கும் இதயம் பலவீனம்தானே, என்னையும் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள். சுந்தரலிங்கத்துக்கு அதில் பெருமை. செருப்பு காலில் ஏறவில்லை என்றபோதுகூட, செருப்பு மழையில் சுருங்கிவிட்டது என்று இந்திராணி சொன்னதை நம்பினார். அவள் சொன்ன எதை அவர் நம்பாமல் இருந்தார்? அவர் தூங்கும்போது கணுக்காலில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி அப்படியே நின்றது.

வரும் செவ்வாய்க்கிழமை ஆசுபத்திரியில் கிளினிக். அங்கே அவர்களே நிறுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் எப்படியாவது எடையை இறக்கிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி பிடித்தது. கறியில் உப்பை நிறுத்தினாள், கருவாட்டை ஒளித்தாள். தண்ணீரைச் சின்ன டம்ளரில் அளந்து கொடுத்தாள். அவர் நாக்கு வறண்டு இன்னும் ஒரு வாய் கேட்டார். கொடுக்கவில்லை. கட்டின புருஷன் தண்ணீருக்குக் கெஞ்ச, குடத்தின் மேல் மூடியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றில் கை வைத்தவருக்கு மூச்சு முட்டியது. வாயில் நுரை கண்டது. புஷ்பத்தின் மகன் ஆட்டோ பிடித்து வந்தான். தோட்டத்து ரோட்டு மழையில் அரித்துக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் இந்திராணி அவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தார் ரோட்டுக்கு வந்து சேரும்போது அவர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஸுமைரா மிஸ் வந்தாள். பிஸ்கட் பார்சலை ஓரமாக வைத்துவிட்டு, கீழேயே உட்கார்ந்து இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டொக்டரால் நம்பவே முடியவில்லை என்றாள். கடைசிச் சனி வரைக்கும் எடை ஒரு சொட்டுக் கூடவில்லையே, சில இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும், அதை யாராலும் தடுக்க முடியாது என்றாள்.

"உங்களப் போல ஒருத்தரும் பாத்துக்கிட்டதில்லக்கா. புஷ்பம் அக்காவயும் இப்ப ஆராய்ச்சில சேத்திருக்கு. நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு அவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றாள்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த புஷ்பம் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். இந்திராணி புஷ்பத்தின் காலைப் பார்த்தாள். அது வீங்கினால் இவளும் மறைப்பாளே என்று தோன்றியது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டாள்.

"அந்த எடையெல்லாம் பொய் மிஸ்" என்றாள். "கூடிக்கிட்டேதான் இருந்திச்சு. நான்தான் கூடலன்னு சொன்னேன்."

உண்மையில் எவ்வளவு இருந்தது என்று மிஸ் கேட்டாள். இந்திராணி சொன்னாள். மிஸ்ஸின் முகம் வெளுத்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க, சின்னத்தம்பிக்குச் செய்ததுபோல் புதுக் குளிசையைப் பிடுங்கிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றாள் இந்திராணி.

"சின்னத்தம்பி அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாப்போயிருந்துச்சு அக்கா. அதுக்குத்தான் நிப்பாட்டினது." என்றாள் மிஸ். "எடை கூடினா புதுக் குளிசைய யாரும் நிப்பாட்ட மாட்டாங்க."

"அப்ப என்னா செஞ்சிருப்பீங்க?"

அதெல்லாம் இப்போது எதற்கு என்றாள் மிஸ். இந்திராணி மறுபடியும் கேட்டாள். கேட்காமல் விட்டிருக்கலாம், ஆனால் அவளால் விட முடியவில்லை.

"தண்ணிக் குளிசைய ஒண்ணு கூட்டியிருப்பாங்க" என்றாள் மிஸ். "அவ்வளவுதான் அக்கா."

புஷ்பம் தேத்தண்ணீர்க் கோப்பையை யாருக்கும் கொடுக்காமல் அப்படியே நின்றாள். நாளைக்குள் லயம் முழுக்க இது போய்விடும். இந்திராணிக்கு அந்தப் பயம்கூட வரவில்லை. அழுகையும் வரவில்லை. தன்னை யாராவது அடித்தால் தேவலை என்றிருந்தது. மிஸ் அடிக்கவில்லை, ஏசவுமில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஐயாவுக்காவது உண்மை எடை தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றாள் இந்திராணி. "ஆட்டோவுல போறப்ப, பேச முடியாமப் பேசி, எடை கூடலதானேன்னு என்னையக் கேட்டாரு. கூடலைங்கன்னு சொன்னேன்."