எட்டுப் பேர் தங்கும் அறை

அனுமந்தை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்தில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. உப்பளத்தில் ஆட்கள் ஓடி ஓடி அம்பாரங்களின் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பைக்கில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் பாண்டிச்சேரியில் வாங்கிய புது சூட்கேஸ். சாலையோரம் ஒரு பழைய உப்பு குடோன். வாசலில் ‘கலைக் கண்காட்சி, அனுமதி இலவசம்’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். அவர் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார்.

“உள்ள போயி நிப்போம். மழை விட்டதும் கெளம்பலாம்.”

சூட்கேஸ் என் மகன் முஜீபுக்கு. இருபது வயது. ஏசி மெக்கானிக் டிப்ளமா முடித்திருக்கிறான். திங்கட்கிழமை அவனும் அவன் அத்தாவும் ஒரே விமானத்தில் சவுதியில் இருக்கும் தம்மாமுக்குப் போகிறார்கள். ஹபீப் முஹம்மது, அதாவது என் வீட்டுக்காரர், அங்கே போய் பதினெட்டு வருடம் ஆகிறது. முஜீபுக்கும் அதே கம்பெனி, அதே கேம்ப். ரூமில் ரெண்டே பேர், ஏசி உண்டு, பையனைத் தன்னோடேயே வைத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். அதனால்தான் நான் சம்மதித்தேன்.

குடோனுக்குள் இருந்தவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான ஒற்றைச் செருப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள், எல்லாம் கடற்கரையில் பொறுக்கியதாம். ஜோடி சேர்கிறதா என்று கொஞ்ச நேரம் தேடினேன். ஒரு டிவியில் ஒரு பெண் ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். எப்போது முடியும் என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். கழுத்தில் இலக்கியா என்று அட்டை மாட்டியிருந்தாள், காலேஜில் படிக்கிற வயது.

“முடியாதுக்கா. திரும்பத் திரும்ப ஓடும்.”

அடுத்தது ஒரு உப்புக் குவியல். அதில் பாதி புதைந்த இரும்பு நாற்காலி. நல்ல முதல் தரமான உப்பு, மழைத்தண்ணி படாதது. “ரெண்டு மாசத்துல நாற்காலி துரு பிடிச்சி உக்காந்துடும்மா” என்றார் அவர். அதற்காகத்தான் வைத்திருக்கிறது என்றாள் இலக்கியா. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் பிளைவுட்டால் ஒரு அறை கட்டியிருந்தார்கள். கதவில் 214 என்று எண். உள்ளே இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஒவ்வொரு கட்டிலுக்கும் பழைய லுங்கியில் திரை. புலி படம் போட்ட கம்பளி, தைல பாட்டில், கயிறு கட்டிய பெட்டிகள், ஒரு கெட்டில். நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், ரெண்டு ஆள் நின்றால் இடிக்கும்.

“சகாயராஜ்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் பண்ணது” என்றாள் இலக்கியா. “அவங்க அப்பா கல்ஃப்ல இருந்த ரூம். அவரு அங்கல்லாம் போனதில்ல. அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டு அப்படியே செஞ்சிருக்காரு.”

என் வீட்டுக்காரர் உள்ளே போனார். குனிந்து ஒரு சார்ஜர் ஒயரைப் பார்த்தார். கால்மாட்டில் கிடந்ததை எடுத்துத் தலைமாட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பியில் சுற்றினார். கட்டிலடியில் இருந்த செருப்பை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தார். தொடக்கூடாது என்று அந்தப் பெண் சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவர் ஏணிக் கம்பியில் கால் வைத்து மேல் அடுக்குக்கு ஏறினார். ஐம்பது வயதில் அவர் ஏறிய வேகம் எனக்குப் புதிதாக இருந்தது. கழுத்தை ஒரு பக்கம் மடக்கி, முழங்காலை இழுத்து, எங்கேயும் இடிக்காமல் ஒரே அசைவில் படுத்துவிட்டார். வீட்டில் அவ்வளவு பெரிய கட்டிலில் சுவரோரமாக ஒருக்களித்துத்தான் படுப்பார். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

“ஆறு பேர் இல்லம்மா” என்று மேலிருந்து இலக்கியாவிடம் சொன்னார். “எட்டு. ரெண்டு பேரு கீழ. நைட் ஷிப்ட் முடிஞ்சி வர்றவன் தரையில படுப்பான்.”

அவள் தலையாட்டினாள். நான் வெளியே வந்து செருப்புகளுக்குக் கீழே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரும் இறங்கி வந்தார்.

“வீடியோ கால்ல வெள்ளைச் சுவரு தெரியுமே” என்றேன்.

“அது கேம்ப் மாடிப்படி.”

“பதினெட்டு வருஷமா இப்படித்தானா?”

“முன்னாடி சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப, மெஹரு?”

மேல் மாடி கட்டாமல் விட்டிருப்போம் என்று தோன்றியது. அதைச் சொல்லவில்லை. கிரானைட் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான்.

“முஜீபுக்கு மேல் கட்டிலா, கீழ் கட்டிலா?”

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “புதுசா வர்றவனுக்கு மேலதான் குடுப்பாங்க. நான் என் கீழ் கட்டில அவனுக்குக் குடுத்துட்டு மேல போயிடலாம்னு இருந்தேன்.”

“அதையெல்லாம் அவன்கிட்ட சொல்லுங்க. எட்டு பேருன்னு சொல்லுங்க. கேட்டுட்டு அவன் போறேன்னா போவட்டும்.”

“வீட்டுக்குப் போயி சொல்றேன்.”

“வீட்டுக்குப் போனா சொல்ல மாட்டீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மறுக்கவும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மழை விட்டிருந்தது. பாத்திகளில் உப்பு கரைந்து, எல்லாம் ஒரே தண்ணீராக, வானத்தின் நிறத்தில் கிடந்தது. ஒரு பெண் முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகி, தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் தட்டால் வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. மேல் கட்டிலில் தலைக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கும் என்று முஜீப் கேட்டிருக்க வேண்டும். அவர் வலது கையைத் தூக்கி, உள்ளங்கை கீழே பார்க்க, தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காற்றில் நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். கையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார்.