எல்ல வரை ஏழு தரிப்பு

சிவரூபன் உட்கார்ந்ததும் கதிரை முனகியது. அது றிஸ்வியின் கதிரை. மூன்று மாதமாக அதில் யாரும் உட்காரவில்லை.

சுஹைரா திரைக்கு இந்தப் பக்கம் பாயில் இருந்தாள். வெள்ளை உடுத்தியிருந்தாள். கணவன் றிஸ்வி இறந்ததற்காக அவள் இருக்கும் இத்தா முடிய இன்னும் நாற்பது நாள். அதுவரை அந்நிய ஆண் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது, அவள் வாசலைத் தாண்டக் கூடாது. தங்கை பஹ்மியா தேத்தண்ணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, திரை ஓரமாக, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"கரைச்சல் தர வந்ததுக்குக் குறை நினைக்காதேங்கோ தங்கச்சி" என்றார் சிவரூபன். டிப்போவில் டைம் கீப்பர். றிஸ்வி இருபத்துநாலு வருசம் கொழும்பு பஸ் ஓட்டியதில், இருபது வருசம் அவனுடைய நேரத்தை எழுதியவர்.

"சொல்லுங்க அண்ணன்."

"அந்த உல்லாசப் பஸ் விசயம்தான்."

அவளுக்குத் தெரியும். போன வருசம் டிப்போவில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். தூர இடங்களுக்குப் புதிய உல்லாசப் பயணப் பாதைகள் இருந்தால் ஊழியர்கள் எழுதித் தரலாம்.

"கன பேர் எழுதினவை. ஒருத்தன் மாலைதீவு எண்டு எழுதிப்போட்டான், விசரன். உருப்படியா எழுதினது றிஸ்வி மட்டும்தான். திருகோணமலை, கிண்ணியா, வாகரை, செங்கலடி, பிபிலை, கடைசியா மலைநாட்டு எல்ல. பாதைக்கு மேலிடத்தில ஓம் எண்டிட்டினம். வாற மாதம் ஓடப்போகுது."

பஹ்மியா திரும்பி அக்காவைப் பார்த்தாள். சுஹைரா பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தரிப்புத்தான் பிரச்சினை. எட்டு மணித்தியால ஓட்டத்துக்கு ஏழு தரிப்புப் போட்டிருக்கிறான். இது உல்லாசப் பஸ்ஸோ தபால் வண்டியோ எண்டு கேக்கினம். ரெண்டு காணுமாம். ஏழு வேணுமெண்டால் காரணம் எழுதட்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"நீங்க ஏதாச்சும் எழுதேலாதா?" என்றாள் பஹ்மியா.

"எழுதிப் பாத்தனான் பிள்ளை. மஹாஓயாத் தரிப்புக்கு, அங்க சுடுதண்ணிக் கிணறு இருக்கெண்டு எழுதினன். திருகோணமலைக்காரர் கன்னியாச் சுடுகிணத்தை வாசல்ல வைச்சுக்கொண்டு அங்க போய் ஆர் குளிக்கிறது எண்டு சிரிக்கினம்."

பஹ்மியாவும் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவனிட்டயும் கேட்டனான். 'காரணம் இருக்கு மச்சான், பஸ் ஓட வெளிக்கிடேக்க சொல்றன்' எண்டான்." சிவரூபன் தேத்தண்ணியை எடுத்து, குடிக்காமல் வைத்தார். "உங்களிட்ட ஏதும் சொன்னவனோ? கொப்பி ஏதும் வைச்சிருக்கிறானோ?"

கொப்பி அலுமாரியில் இருந்தது. அவனுடைய சட்டைகளுக்கு அடியில். இத்தாவின் முதல் கிழமையிலேயே அவள் அதைக் கண்டெடுத்துவிட்டாள். நாற்பது பக்கக் கொப்பி. லீவு நாட்களில் அவன் மோட்டார்சைக்கிளில் எங்கே போய்வந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். ஊரின் பெயர், முந்திய தரிப்பிலிருந்து எத்தனை நிமிடம். அதற்குக் கீழே, அவனுடைய கோணல் எழுத்தில்: பெண்களுக்குத் தனிக் கக்கூஸ். தண்ணீர் உண்டு. கதவு சரி. கொண்டி சரி. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் எங்கேயும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இல்லை.

ஒரு மணித்தியாலம். அவ்வளவுதான் அவளால் அடக்க ஏலும். பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் ஒரேயொரு பிரசவம். பிள்ளை தங்கவில்லை. உடம்பும் பழையபடி ஆகவில்லை. அடுத்த வருசம் கண்டியில் ஒரு கலியாணத்துக்குப் போனார்கள். கந்தளாய் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி றிஸ்வி எழுந்து போய்க் கேட்டான். யானைக் காடு, நிறுத்த ஏலாது என்றார் கொண்டக்டர். அவன் திரும்பி வருவதற்குள் இருக்கை நனைந்துவிட்டது. பின்னால் ஒரு பெண் மூக்கைச் சுளித்து எதையோ கேட்டாள். றிஸ்வி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தன் மடியிலும் அவள் மடியிலும் முழுவதையும் கொட்டினான். "அல்லாஹ்வே! என்ட கைய வெட்டிப் போடணும், போத்தல் ஒண்டப் புடிக்கத் தெரியா!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினான். ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஹபரணையில் இறங்கி, கடை ஒன்றில் சாரமும் சேலையும் வாங்கி மாற்றிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தார்கள்.

அதன்பிறகு அவள் திருகோணமலை டவுனுக்கு அப்பால் போனதில்லை. அவன் ஒருபோதும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. போன வருசம் ஒரு நாள், புழுதியோடு வந்து சோற்றில் கை வைத்தவன், "எல்லவுக்கு ஒருக்காப் போவம் சுஹைரா. ஒண்டுக்கும் யோசிக்காத" என்றான். அவள், "பாப்பம்" என்றாள்.

"தங்கச்சி?"

திரை காற்றில் உள்ளே வந்து வெளியே போனது. அதன் கீழே சிவரூபனின் கால்விரல்கள் தெரிந்தன. ஒரு சொல் போதும். பொம்பிளைகளுக்காக. தன்னைப் பற்றி அவள் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு பஸ் நிறைந்த ஆட்கள் திரும்பி அந்த இருக்கையைப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பஹ்மியாவும் பார்ப்பாள். பத்தொன்பது வருசம் கூட்டாளியிடம்கூட அவன் வாய் திறக்கவில்லை. அவன் மூடி வைத்ததை, அவன் போய் மூன்று மாதத்தில் அவள் திறப்பதா?

"எனக்குத் தெரியா அண்ணன்."

"கொப்பி?"

"தெரியா."

சிவரூபன் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

"சரி. என்ன செய்யிறது. அப்ப ஐஞ்சையும் வெட்டத்தான் வேணும்." எழுந்தார். "முதல் சீட் உங்களுக்கெண்டு அவன் அப்பவே சொல்லி வைச்சவன் தங்கச்சி. இத்தா முடியட்டும். நானே வந்து ஏத்திவிடுறன்."

"எந்த ரெண்டு மிஞ்சும் அண்ணன்?"

"செங்கலடியும் பிபிலையும்."

இங்கே கிண்ணியாவிலிருந்து செங்கலடிக்கு மூன்று மணித்தியாலம். அவள் கொப்பியைப் பார்க்காமலே கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் றிஸ்வியின் போனை எடுத்தாள். 'சிவரூபன் டிப்போ' என்று இருந்தது. பெண்களுக்காக என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் பாங்கு சொன்னார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பஹ்மியா வந்து, "என்ன ராத்தா, அழுறீங்களா?" என்றாள். "வெங்காயம்" என்றாள் சுஹைரா. வீட்டில் அன்று யாரும் வெங்காயம் உரிக்கவில்லை.

இத்தா முடியப் பத்து நாள் இருக்கும்போது பஸ் ஓடத் தொடங்கியது. சனிக்கிழமை. காலை ஆறரைக்கே பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனைக்குப் போனார்கள். பஹ்மியாவும் போனாள். சுஹைரா குசினி வாசலில் நின்றாள். ஹோர்ன் கேட்டது. ஒரு முறை நீளமாக, பிறகு இரண்டு முறை குறுக. கொழும்பிலிருந்து திரும்பும்போது றிஸ்வி அப்படித்தான் அடிப்பான். அதை யார் அந்தச் சாரதிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

பஹ்மியா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ராத்தா, பூவெல்லாம் கட்டி, கலியாண மாப்பிள மாதிரிப் போகுது. சனம் முட்டி வழியுது. முதல் சீட் மட்டும் வெறுமன. சிவரூபன் அண்ணன் ஒருத்தரையும் அதுல இருக்க விடல்லையாம்."

"ம்" என்றாள் சுஹைரா.

கொப்பியை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். சுவரில் மணிக்கூடு இருந்தது. ஏழு மணிக்கு மூதூர்ப் பக்கத்தைத் திருப்பினாள். ஏழே முக்காலுக்கு வெருகல். எட்டரைக்கு வாகரை.

வாகரை. இராசையா கடைப் பின்பக்கம். கக்கூஸ் ஒன்று. வாளி ஒன்று. கதவு சரி. கொண்டி இல்லை.

கீழே வேறு மையில், வேறு நாளில் எழுதியது: புதுக் கொண்டி வாங்கிக் கொடுத்துப் போடுவித்தாச்சு. முதல் பஸ் வரும் நாளில் வாளி நிரப்பி வைப்பதாக இராசையா சொன்னார்.

இன்று பஸ் வருவது அவருக்குத் தெரிந்திருக்கும்; தரிப்பை வெட்டியதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த நேரம் வாளியை நிரப்பி உள்ளே வைத்துவிட்டு, கொண்டியை ஒரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, வீதி ஓரத்துக்கு வந்து நிற்பார். பூக் கட்டிய பஸ் தூரத்தில் தெரியும்போது, ஈரம் காயாத கையை உயர்த்துவார்.