கழுவிய கிழங்கு

மூன்றாம் நாள் பக்கத்து அறை ரபியாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். மய்யித்து எடுத்த சாவு வீடென்றால் கழுவத்தான் செய்வார்கள். அதற்காகக் கிழங்கையுமா கழுவுவது? கட்டிலுக்கடியில் கிடந்த மூட்டையை இழுத்து அவிழ்த்து, குழாயடியில் கொட்டி, மண் போகத் தேய்த்து, பளபளவென்று மூலையில் குவித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது! சம்சுன்னிசா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த உருளைக்கிழங்கு ஒரு வாரம் தாங்காது என்பது, கடல் தாண்டி வந்து தேக்கா மார்க்கெட்டில் கிழங்குக் கடை போட்டிருந்தவர் பெண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியும். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றவில்லை.

அவள் புருசன் நெய்னா முகம்மது அந்த மூட்டையை வீட்டில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனவர். மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. கட்டிக்கொண்டு அழுதவர்களை முதுகில் தட்டி இவள்தான் தேற்றி அனுப்பினாள்.

வீடு கழுவிய அன்று சாயங்காலம் எழுந்து அவருடைய பழைய கைலியைக் கிழித்து, கிழங்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எதற்கென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதக் கொழுந்தன் சாகுல் ஹமீது வந்தான். புருசன் இறந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறவள் அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாதே, ஆகவே அறை வாசல் திரைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள்.

"இத்தா முடிஞ்சதும் கப்பல்ல ஏத்தி விட்டுடுறேன், மதினி. ஊர்ல ஒங்க காக்கா வீட்டோட இருந்துக்கலாம்."

"நான் போவல தம்பி. கடையில நான் ஒக்காந்துக்குறேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, நாற்பது நாளாக மனசில் கிடந்தது அது ஒன்றுதான் என்று. அண்ணன் வீட்டில் அடுப்படியில் ஒண்டிக்கிடக்க அவளால் முடியாது.

அவன் சிரித்தான். "கெழங்கு யாவாரம்னா சும்மாவா? கெடாம காக்கத் தெரியணும்லா. எங்க காக்கா கடைசியா கொண்டாந்த மூட்டை இருக்குல்ல? இத்தா முடியறவரைக்கும் அதை வச்சுக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். இத்தாவுக்கென்று ஜன்னலில் போட்ட கறுப்புத் துணி கிழங்குக்கும் ஆயிற்று. வெளிச்சம் பட்டால் பச்சை தட்டிவிடும். நாலு செங்கல் வைத்து, இடைவெளி விட்டுப் பலகை அடுக்கி, அதன்மேல் பழைய பேப்பர் விரித்து, ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பினாள். வெங்காயக் கூடையை ரபியா அறைக்கு அனுப்பினாள், பக்கத்தில் இருந்தால் கிழங்கு சீக்கிரம் முளைவிடுமாம். காலையும் மாலையும் மோந்து பார்த்து, கசிவு கண்டதைத் தூக்கி எறிந்தாள். முளையைக் கிள்ளினாள்.

"புருசன் போன பொம்பள கெழங்கோட குடும்பம் நடத்துறா பாரு!" என்று ரபியா வாயிலடித்துக்கொண்டாள்.

"நடத்திட்டுப் போறேன், லாத்தா."

இத்தாவின் நாலு மாதம் பத்து நாளும் போயிற்று. மூட்டையில் கால்வாசிதான் நின்றது. முதலில் நனைந்ததல்லவா, அவ்வளவு நின்றதே பெரிது. இத்தா முடிந்து குளித்து, இத்தாவுக்கு உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு, கிழங்குக் கூடையைத் திரைக்கு வெளியே தள்ளினாள்.

வந்திருந்த சாகுல் ஹமீது ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான். கல்லு மாதிரி இருந்தது.

"மாஷா அல்லாஹ். எப்படி மதினி?"

கடையைப் பற்றி அவன் சொல்ல வேண்டியதற்காக அவள் காத்திருந்தாள். அவன் கிழங்கைக் கூடையில் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"கடையை ரெண்டாம் மாசமே வேற ஆளுக்கு விட்டாச்சு. அன்னைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்க இப்படி நெசமாவே வச்சிருப்பீங்கன்னு யாரு கண்டா? டிக்கெட் எடுத்துட்டேன், வர்ற வெள்ளிக்கிழமை கப்பல்."

திரை இந்தப் பக்கம் அவள் நின்றாள். கோபம் வர வேண்டும். வயிற்றெரிச்சலாவது வர வேண்டும். உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. அவன் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கி ஓய்ந்த பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கூடையை இடுப்பில் ஏற்றி, தெருவுக்கு இறங்கினாள். வெயில் கண்ணைக் குத்தியது.

மார்க்கெட்டில் அதே கடை, அதே தராசு. உள்ளே யாரோ ஒரு ஆள். உருளைக்கிழங்குக் குவியலின் மேலேயே வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா வேணும்?" என்றான் அவன்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள்.

தரையெங்கும் மீன் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். கூடை இடுப்பில் கனக்க, கிழங்கைப் பரப்பி உட்கார ஈரமில்லாத இரண்டடி இடம் எங்கே என்று தேடியபடி அவள் நின்றாள்.