ஆறே காலுக்குள் போகவேண்டிய படம்

வடக்குச் சித்திரை வீதி முனையில் ஏழு பேர் துடைப்பத்தோடு வரிசையாக நின்றார்கள். எட்டாவது ஆளான டெல்பின் கையை நீட்டி எல்லோரும் விழும்படி படம் எடுத்து முடித்திருந்தாள். கம்பெனி போனில் அந்தச் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மணி ஐந்து நாற்பது. சொர்க்கவாசல் திறந்து, கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டு போனது. பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்து, ஊரில் இருப்பவர்களுக்குக் கோபுரத்தைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள்.

"போச்சாக்கா?" என்றாள் அழகம்மாள்.

"சுத்துது."

"நேத்தும் அதான் சொன்னீங்க. முந்தாநேத்தும் அதான்."

துப்புரவுக் காண்ட்ராக்டில் சேர்ந்து நாலு வருஷமாகிறது. டெல்பின் பத்தாவது வரை படித்தவள் என்பதால் வருகை போடும் போன் அவள் தலையில் விழுந்தது. ஆறே காலுக்குள், இந்த முனையை விட்டு ஐம்பதடி நகராமல் நின்றால்தான் ஆப் எதையும் அனுப்பும். வீட்டில் படுத்துக்கொண்டு யாரும் வருகை போட்டுவிடக் கூடாதாம். திருவிழாக் கூட்டத்தில் நெட் நெரிபட்டு, இரண்டு நாள் படங்களும் போகாமல் ஆப்புக்குள்ளேயே காத்துக் கிடந்தன. மூன்றாவது நாளும் போகாவிட்டால் எட்டுப் பேரின் பெயரும் பட்டியலை விட்டுப் போய்விடும்.

ஃப்ளைட் மோடைப் போட்டு எடுத்தாள். டேட்டாவை அணைத்து மறுபடி போட்டாள். போனையே அணைத்துப் போட்டாள். அந்தச் சனியன் கண் விழிக்க இரண்டு நிமிஷத்தைத் தின்றது. அழகம்மாள் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதன் முனையால் குத்தி சிம்மை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்து, திரும்பப் போட்டாள். சிக்னல் கோடு நாலும் நிறைந்து நின்றன. பேச முடிந்தது. நெட் மட்டும் அசையவில்லை.

எதிர் வீட்டு வாசலில் ஆனந்தவள்ளி மாமி நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, உங்க வீட்டு வைஃபையைக் கொஞ்சம் குடுப்பீங்களா? மூணு போட்டோ போகணும், அவ்வளவுதான்."

"பேஷா எடுத்துக்கோ. ஆனா பாஸ்வேர்டு நேக்குத் தெரியாதேம்மா. நாட்டுப்பொண்ணுக்குத்தான் தெரியும். பெருமாளைச் சேவிச்சுட்டு இப்போ வந்துடுவா."

ஆறு மணியாயிற்று. மருமகள் வரவில்லை. டெல்பின், ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் வைஷ்ணவியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, செட்டிங்ஸ் போங்க. ஆப்ஸ்ல நம்ம ஆப்பைத் தொடுங்க. ஸ்டோரேஜ்னு இருக்கா? அதுல கீழ இருக்குற க்ளியரை அமுக்குங்க."

"ரெண்டு நாள் படம் உள்ள நிக்குதே பாப்பா. அது போயிடாதுல்ல?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "குடுத்த லிஸ்ட்ல அப்படித்தாங்க்கா போட்டிருக்கு. சீக்கிரம் அமுக்குங்க, இன்னும் பத்து இடம் லைன்ல நிக்குது."

டெல்பின் அமுக்கினாள்.

ஆப் புதுசாகத் திறந்தது. காத்திருக்கும் படங்கள் மூன்று என்று காட்டும் வரியைக் காணோம். யூசர் நம்பர், பாஸ்வேர்டு என்று இரண்டு காலிப் பெட்டிகள் மட்டும் நின்றன. ஆபீசை மறுபடி கூப்பிட்டால் லைன் பிஸி. பாஸ்வேர்டு தெரிந்தவர் சூப்பர்வைசர் ரங்கநாதன் ஒருவர்தான். அவருக்கு அடித்தாள், மணி முழுதும் அடித்து ஓய்ந்தது. அந்த நேரம் பார்த்து மாமியின் நாட்டுப்பெண் மூச்சிரைக்க வந்து, விஷயத்தைக் கேட்டு, வைஃபை பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பட்டென்று பிடித்தது. மூன்று நாளாக இல்லாத நெட், குழாய் திறந்த மாதிரி வந்தது. அனுப்புவதற்கு உள்ளே ஒன்றுமில்லை.

ஆறு பதினைந்து ஆனது. நேரம் முடிந்தது என்று சிவப்பில் வந்தது.

"என்னால எல்லார் பொழைப்பும் போச்சே" என்று டெல்பின் தலையில் அடித்துக்கொண்டாள். குழுவிலேயே வயதில் மூத்தவர் மதுரைவீரன். "விடு தாயி, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார் அவர். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு ரங்கநாதன் பைக்கில் வந்து, நடந்ததைக் கேட்டார்.

"யாரும்மா க்ளியர் பண்ணச் சொன்னது?"

"ஆபீஸ்லதான் சார்."

"ஆபீஸ் ஆயிரம் சொல்லும். அமுக்குனது யாரு?"

டெல்பினுக்கு ஆத்திரமாக வந்தது. "நாங்க வந்திருக்கோம் சார். எட்டுப் பேரும் உங்க முன்னாடிதான நிக்கிறோம்? நேத்தும் நீங்கதான வேலை பிரிச்சு விட்டீங்க?"

"நான் பாத்து என்னம்மா பிரயோஜனம்? சிஸ்டம் பாக்கணுமே. நானே அதுக்குக் கீழதான் இருக்கேன்." அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சாயங்காலம் பேசிப் பாக்கலாம். இப்ப வேலையைப் பாருங்க. மதியம் அதிகாரிங்க வராங்க, வீதி பளிச்சுனு இருக்கணும்."

பார்த்தார்கள். தொன்னை, தண்ணீர் பாட்டில், மிதிபட்ட துளசி, ஜோடி தவறிய செருப்புகள். கூட்டிக் குவித்து, கூடையில் அள்ளி, லாரியில் ஏற்றினார்கள். டீ குடிக்கக்கூட யாரும் நகரவில்லை. ஒழுங்காக வேலை செய்தால் சாயங்காலம் பேசுகிறவருக்குப் பேச வாய் இருக்கும் என்று அழகம்மாள் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் வடிந்தது. மதுரைவீரனின் கோட்டுப் பையில் போன் 'டிங்' என்றது. அப்புறம் அழகம்மாளுடையது. ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார்கள்.

"டெல்பினு, என்னமோ வந்திருக்கு. படிச்சுச் சொல்லு" என்று மதுரைவீரன் போனை நீட்டினார்.

"தொடர்ந்து மூன்று நாட்கள் பணிக்கு வராததால், தங்கள் பெயர் பணியாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது." அழகம்மாள் நீட்டியதிலும் அதுவே. மூன்றாவது போனை அவள் பார்க்காமலே சொன்னாள்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "இன்னும் ரெண்டு கூடை கிடக்கு. ஏத்திவிடுங்க, நான் கிளம்பணும்!"

யாரும் அசையவில்லை. பிறகு அழகம்மாள் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "பிடிங்கக்கா. போட்டுட்டுப் போவோம்."

இருவரும் கூடையைத் தூக்கினார்கள். சோற்றுத் தண்ணீர் டெல்பினின் தோளில் வழிந்தது. வீதியின் நடுவில் நின்று ரங்கநாதன் போனைக் குறுக்காகப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா, படத்துல விழுறீங்க. வீதி சுத்தமா இருக்குன்னு ஆபீசுக்கு அனுப்பணும்."

இரண்டு பேரும் கூடையோடு சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.