முதல் தார்

பூவாத்தாள் வாழைத் தாரைத் தாங்கிப் பிடிக்க, ரங்கராஜ் காம்பில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். ஆளைச் சாய்க்கிற கனம். சீப்புக்குச் சீப்பு கொழுத்த கதலி. மேல் சீப்பில் மஞ்சள் தட்டியிருந்தது. சேலையெல்லாம் பால் சொட்டிக் கறையாவதைக்கூட அவள் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பெருந்துறைப் பக்கம் இப்போது மூடிக் கிடக்கும் நூல் மில்லில் புருஷனும் பெண்டாட்டியும் வேலை பார்த்தவர்கள். மில் நின்றதும் அதை ஒட்டிய லைன் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இவர்களுக்குப் போக இடமில்லை. கடைசி வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். இருக்கச் சொன்னாரும் இல்லை, போகச் சொன்னாரும் இல்லை. தண்ணீரில்லாத பூமி என்று முதலாளி சுந்தரராஜுலு கோயமுத்தூரோடு இருந்துவிட்டார். குப்பையும் மண்ணுமாகத் தூர்ந்து கிடந்த பழைய கிணற்றை இருவரும் கோடைக்குக் கோடை இறங்கித் தூர் வாரினார்கள். போன கோடையில் பாறை இடுக்கில் ஊற்று திறந்தது. அந்தத் தண்ணீரில் வந்த வாழைதான் இது.

"மொதல் தார் பூமிக்காரருக்குப் போவோணுமுங்க. குடுக்காமத் தின்னா ஒடம்புல ஒட்டாது" என்றாள் பூவாத்தாள். "உப்பிட்டவரை உள்ளளவும் நெனைன்னு சும்மாவா சொன்னாங்க?"

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாமா ஆண்டி. நாம இங்கிருக்கறதையே அவரு மறந்துபோட்டாரு. நெனப்பு வந்து கெளம்புங்கன்னு சொல்லிப்போட்டா எங்க அம்மணி போறது?"

"தாரு கொண்டு போறவங்களப் பாத்து அப்பிடிச் சொல்லுவாருங்களா?"

அவள் பிடித்தால் பிடித்ததுதான். ரங்கராஜ் தாரைத் தோளில் ஏற்றினான்.

"ஏனுங்கம்மணி, இவருக்கும் ஒரு டிக்கெட் போட்டறலாமுங்களா?" என்று கண்டக்டர் தாரைக் காட்டிக் கேட்க, பஸ்ஸே சிரித்தது.

சுந்தரராஜுலு நல்ல மனுஷர். இருவரையும் உட்காரவைத்து மோர் கொடுக்கச் சொன்னார். பழுத்ததில் ஒன்றைப் பிய்த்து அங்கேயே உரித்துத் தின்றார்.

"தேனாட்டம் இருக்குதுங்களே! நம்ம மில்லு பூமியிலயா? அங்க ஏதுங்க தண்ணி?"

பூவாத்தாள் கிணறு வாரிய கதை முழுவதையும் சொன்னாள். ரங்கராஜ் அவள் காலை மிதித்துப் பார்த்தான். அவள் காலை நகர்த்திக்கொண்டு மேலே சொன்னாள். கிளம்பும்போது முதலாளி ஒரு சேலை கொடுத்தார். வழியெல்லாம் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். தான் பயந்ததுதான் தப்பு என்று ரங்கராஜும் ஒப்புக்கொண்டான்.

அடுத்த வாரம் கார் வந்தது. முதலாளி கிணற்றை எட்டிப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"குடோன் கட்டறவங்க எடம் கேட்டுட்டே இருந்தாங்க. தண்ணியில்லீன்னு போயிட்டாங்க. நீங்க சாமியாட்டம் கொண்டாந்து போட்டீங்க! மொதல்ல கம்பி வேலி போட்டறலாம். ஆடியில குடி மாத்தக் கூடாது. ஆவணி பொறந்ததும் வேற எடம் பாத்துக்குங்க. வேலிக்குக் குழி நீங்களே எடுத்துருங்க, கூலி குடுத்தர்றேன்."

அவர் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. பூவாத்தாள் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள். "செரீங்க" என்றாள். கார் போன பிறகு ரங்கராஜ் கடப்பாரையைத் தேடி எடுத்து வைத்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் வேலி மேஸ்திரி வந்து கயிறு கட்டினார். வாழை நின்ற மூலையை வெளியே விட்டுக் குறுக்கே நேராக இழுத்தார்; கம்பி மிச்சமாகும். ரங்கராஜ் கயிற்றை ஒட்டிக் குழி எடுத்துக்கொண்டே வந்தான். பூவாத்தாள் மண்ணை அள்ளிக் கொட்டினாள். மூலைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். தாய்மரத்தைச் சுற்றி முளைத்திருந்த கன்றுகள் அத்தனையும் கயிற்றுக்கு வெளியே நின்றன.

"ஏனுங்க மேஸ்திரி, கயித்த அந்தப் பக்கமாத் தள்ளிக் கட்டுங்க" என்றாள். "கன்னுக வெளிய நின்னா ஆடு மேஞ்சு போடுமுங்க."

மேஸ்திரி தள்ளிக் கட்டினார். ரங்கராஜ் பாதி எடுத்திருந்த குழியை மூடிவிட்டு, கன்றுகளுக்கு அப்பால் போய்ப் புதுக் குழிக்குக் கடப்பாரையைப் போட்டான்.